இடது காலில் கண்டுபிடிக்கப்பட்ட பழுது

எங்கள் பணிமனையில் பஸ் தானாகப் பழுதாகிவிட முடியாது. பழுதறியும் பிரிவு வந்து பார்த்து, தட்டி, முகர்ந்து, கூடிப் பேசி, 'ஆமாம், இது பழுதுதான்' என்று ஒப்புக்கொண்டால்தான் அது பழுது. அதுவரைக்கும் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டுகிறவனுக்குத்தான் ஏதோ கோளாறு. வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிவிட்டார்கள். நானும் பெரிய புத்திசாலி மாதிரி தலையாட்டிவிட்டேன். நான் ஓட்டப்போகும் பஸ்ஸுக்கு முன்னால் என் அக்கா வந்து நிற்பாள் என்று அப்போது எனக்கென்ன தெரியும்?

அக்காவுக்குப் பள்ளிக்கூட வாசலில் வேலை. சாலையில் வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் பிள்ளைகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். மஞ்சள் மேல்சட்டை போட்டிருப்பாள். கையை நீட்டினால் பஸ் நிற்க வேண்டும். நின்றதும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்து நிற்பாள். பம்பருக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். பொடிசுகள் அந்தச் சந்தில் புகுந்து ஓடும் என்பதால் அப்படி ஒட்டி நிற்பாள். தினமும் காலையில் என் பஸ்ஸைத்தான் முதலில் நிறுத்துவாள். நிறுத்திவிட்டுத் தம்பி என்றுகூடப் பார்க்காமல் முறைப்பாள். எனக்கும் அது பிடிக்கும்.

அன்றைக்கும் நின்றாள். நானும் நிறுத்தினேன். கிளட்ச்சைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டு முதல் கியரில் காத்திருந்தேன். நியூட்ரலில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கூடாது. நின்ற இடத்தில் நியூட்ரல் போடுவது கிளட்ச்சின் மேல் நம்பிக்கை இல்லாததைக் காட்டுகிறது என்று எங்களுக்குச் சுற்றறிக்கை. இன்ஜினை அணைத்தால் அதைவிடப் பெரிய குற்றம். அது பணிமனையின் மேலேயே நம்பிக்கை இல்லாதது.

என் கால் அசையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ஆனாலும் வண்டி உறுமியது. ஒரு குலுங்கு குலுங்கியது. பிரேக்கில் கால் இருக்கும்போதே ஒரு சாண் முன்னால் போய்விட்டது. நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றுவிட்டேன். இன்ஜின் உதறிக்கொண்டு அணைந்தது. அக்காவின் மேல்சட்டைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு புத்தகம் நுழைகிற இடம்தான் மிச்சம்.

அவள் திரும்பிப் பார்த்து, "என்னடா, தூக்கமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.  

கிளட்ச் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இடது காலால் மிதித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடுப்பு விட்டுப்போகும். காலை எடுத்தால் மறுபடி சேரும். நடுவில் வேலை செய்கிற ஆள் எண்ணெய்தான். மிதிக்குப் பக்கத்தில் இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும், அது குழாய் வழியாகப் போய்க் கீழே கியர் பெட்டியில் இருக்கிற சின்ன சிலிண்டரைத் தள்ளும், அது கிளட்ச்சை விலக்கும். இவ்வளவுதான். இதில் எங்கேயோ ஒரு இடத்தில் என் அக்காவின் உயிர் ஒழுகிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கொண்டுபோய்ப் பழுதறியும் பிரிவின் முன்னால் விட்டேன். தலைமைப் பழுதறிஞர் வந்தார். அவருக்கு அதுதான் பதவிப் பெயர். வெறும் மெக்கானிக் என்று யாராவது சொன்னால் காது சிவந்துவிடும். அவருக்குப் பின்னால் துணைப் பழுதறிஞர்கள், அவர்களுக்குப் பின்னால் தலைவருக்கு வெயில் படாமல் குடை பிடிக்கிறவர். அந்தக் கூடத்துக்குக் கூரை இருந்தது. ஆனாலும் குடை பிடித்தார்.

"சொல்லுங்க டிரைவர், என்ன கற்பனை?"

"ஐயா, கிளட்ச்ச மிதிச்சுப் பிடிச்சிருந்தா, கொஞ்ச நேரத்துல வண்டி தானா நகருதுங்க."

"தானா நகருதா? அப்ப டிரைவரே வேண்டாம்னு சொல்றீங்க."

எல்லாரும் பதவி வரிசைப்படி சிரித்தார்கள். குடைக்காரர் கடைசியாகச் சிரித்தார்.

தலைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கூடம் அமைதியானது. கிளட்ச்சை டப் டப் டப் என்று மூன்று தடவை வேகமாக மிதித்தார். இதற்கு 'வண்டியை எழுப்புதல்' என்று பெயர். எழுப்பாமல் எந்த வண்டியையும் சோதிக்கக் கூடாது. மூன்றாவது மிதிக்குப் பிறகு மிதி கல்லு மாதிரி விறைத்து நின்றது. கியர் வெண்ணெயாக விழுந்தது. உடனே காலை எடுத்துவிட்டார். துணைப் பழுதறிஞர்கள் கையைத் தட்டினார்கள்.

நான் கேட்டேன்: "ஐயா, கோவிச்சுக்காதீங்க. மூணு தடவ மிதிக்காம, ஒரே ஒரு தடவ மிதிச்சு, கொஞ்ச நேரம் அப்படியே வச்சுப் பாக்கலாமுங்களா? எனக்கு அப்பத்தான் நகருது."

குடை லேசாக ஆடியது. தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எழுப்பாம சோதிக்கறதா? தம்பி, இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து மூணு மிதி. அந்த மூணு மிதிக்கு அப்புறம் இதுவரைக்கும் ஒரு வண்டியில, ஒரே ஒரு வண்டியில கூட, கிளட்ச் பழுதுன்னு நாங்க கண்டுபிடிச்சதில்ல. அவ்வளவு நல்ல முறை அது. அதப் போயி மாத்தச் சொல்றீங்களே!"

வண்டி நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளி மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பணிமனை வண்டியின் ஒரு திருகாணியை வெளியாள் தொட்டால் எனக்கு வேலை போவது மட்டுமில்லை, அந்தத் திருகாணியைத் திருடியதாக வழக்கும் வரும்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் லீவு போடேன்."

"ஏன், உனக்குப் பொண்ணு பாக்கப் போறோமா?"

"விளையாடாதக்கா. வண்டி சரியில்ல. கிளட்ச்ச மிதிச்சிருந்தாலும் நகருது. கொஞ்சம் தள்ளியாவது நில்லு."

"தள்ளி நின்னா அந்தச் சந்துல பொடிசுங்க பூந்துடும்டா. போன வருஷம் ஒண்ணு அப்படித்தான் பூந்து, நான் காதப் புடிச்சு இழுத்தேன்." மடித்த துணியை என் தலையில் வைத்து அழுத்தினாள். "நீ ஓட்டற வண்டிக்கே நான் பயந்தா, வேற எவன் வண்டிக்கு முன்னால போயி நிப்பேன்?"

அவளுக்குக் கொஞ்சமும் பயமில்லை. அவளுடைய பயத்தையும் சேர்த்து நானே பட்டேன்.

நான் மறுபடி மறுபடி போய் நின்றதில் தலைவருக்கே சலிப்பு வந்து, 'பழுது இருக்குமிடம் அறியும் முழு அமர்வு' ஒன்றைக் கூட்டினார். எங்களிடம் பிரிவுகள் இடத்தைப் பொறுத்தவை. மிதி இருப்பது ஓட்டுநர் அறைக்குள், எனவே அது இருக்கை மற்றும் கால்விரிப்புப் பிரிவு. மாஸ்டர் சிலிண்டர் இன்ஜின் பிரிவு. எண்ணெய்க் குழாய், கழிப்பறைக் குழாய்களையும் பார்க்கிற குழாய்ப் பிரிவு. கீழே இருக்கிற சின்ன சிலிண்டர் கியர் பிரிவு. இதில் ஒரு விதி உண்டு: பழுதை எந்தப் பிரிவு கண்டுபிடிக்கிறதோ, பழுது அந்தப் பிரிவினுடையது. அவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அவர்கள் பதவி உயர்வுதான் நிற்கும்.

நான்கு பிரிவுத் தலைவர்களும் வெள்ளைத் துணியோடு வந்தார்கள். இருக்கைப் பிரிவுக்காரர் மிதியைத் துடைத்துத் துணியைத் தூக்கிக் காட்டினார். "ஒரு சொட்டு ஒழுகல் இல்ல. மிதி உத்தமமான மிதி." இன்ஜின் பிரிவுக்காரர் மாஸ்டர் சிலிண்டரை வெளியே துடைத்துக் காட்டினார். உள்ளே திறந்து பார்க்கவில்லை. உள்ளே யாருடைய இடம் என்று விதியில் இல்லையாம். குழாய்ப் பிரிவுக்காரர் குழாயைத் தடவிக்கொடுத்தார். கியர் பிரிவுக்காரர் குனிய முடியாமல், கியர் பெட்டி இருக்கும் திசையில் துணியை ஆட்டினார். நான்கு துணியும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

தலைவர் எழுந்தார். "நண்பர்களே, இதுதான் அறிவியல். மிதியில இல்ல. சிலிண்டர்ல இல்ல. குழாயில இல்ல. கீழயும் இல்ல. ஆனா டிரைவர் பழுது இருக்குன்னு சொல்றாரு. அவர நாம பொய்யன்னு சொல்லப் போறதில்ல. அவ்வளவு பெருந்தன்மை இந்தப் பிரிவுக்கு உண்டு. அப்படின்னா, மிதியத் தொட்டுக்கிட்டு இருக்கற ஒண்ணு, எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாத ஒண்ணு, இன்னும் மிச்சம் இருக்கு."

எல்லாரும் என் இடது காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பணிமனை மருத்துவர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. "பாத்தீங்களா, நிக்க வேண்டிய நேரத்துல நகருது" என்றார். கணுக்காலில் 'பழுது' என்ற சிவப்பு அட்டையைக் கட்டி, முத்திரை வைத்தார்கள். கழற்றினால் குற்றம். குளிக்கும்போதும் அதோடுதான் குளித்தேன். சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் நானே என் காலைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். படுக்கையில் படுத்துக்கொண்டு, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன்.

பழுதான காலுக்கு மாற்று தர வேண்டும் என்பது சட்டம். எனவே குழாய்ப் பிரிவிலிருந்து ஒருவரை எனக்குத் துணைக்காலாக நியமித்தார்கள். நல்ல பருமனான, சாதுவான மனிதர். என் இருக்கைக்கும் இன்ஜின் பெட்டிக்கும் நடுவில் ஒரு முக்காலியைத் திணித்து, அதில் அவரைத் திணித்தார்கள். நான் "மிதிங்க" என்றால் அவர் மிதிக்க வேண்டும், "விடுங்க" என்றால் விட வேண்டும். பயணிகள் ஏறும்போதே எங்கள் இருவர் கால்களையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் பேர் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லி இறங்கிக்கொண்டார்கள்.

வெள்ளைக் கோடு வந்தது. அக்கா கையை நீட்டினாள். "மிதிங்க" என்றேன். மிதித்தார். நான் பிரேக்கில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டேன். ஒரு பிள்ளை செருப்பு கழன்று நடுவில் நின்றுவிட்டது. அக்கா குனிந்து அதற்குப் போட்டுவிட்டாள். எங்களுக்குக் கீழே இன்ஜினின் சத்தம் மெல்ல இறங்கியது. துணைக்காலின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. பஸ் குலுங்கி, பிரேக்கையும் மீறி நகர்ந்து, குனிந்திருந்த அக்காவின் முதுகைத் தொட்டுவிட்டு அணைந்தது.

தொட்டதுதான். அடிபடவில்லை. ஆனால் அக்கா பிள்ளையை அணைத்துக்கொண்டு திரும்பியபோது சிரிக்கவில்லை. அவள் முகத்தில் பயத்தை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கடைசி நிறுத்தத்தில் துணைக்கால் தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டர் சிலிண்டர் உள்ள ரப்பர் தேஞ்சு போச்சுப்பா. பிடிச்சு வச்சா எண்ணெய் உள்ளுக்குள்ளயே பின்னால நழுவிடும். வெளிய ஒழுகாது. டப் டப்னு மிதிச்சா கொஞ்ச நேரத்துக்கு நிக்கும். அவ்வளவுதான்."

எனக்குக் கோபத்தில் கண் இருண்டது. "தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்களா? வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான்."

"தலைவருக்கு?"

"அவருக்கு முதல்லயே தெரியும். தெரியறது வேற, கண்டுபிடிக்கறது வேறப்பா. கண்டுபிடிச்சா, இத்தன வருஷம் மூணு மிதி மிதிச்சு அனுப்பின வண்டியெல்லாம் என்ன ஆச்சுன்னு எவனாவது கேப்பான்ல?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு ஓய்வு வரப் போகுது. என்ன விட்டுடு."

நான் நேராகத் தலைவரிடம் போனேன். மானம் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை, காலில் விழுந்தேன். "ஐயா, முன்னால நிக்கறது என் கூடப் பொறந்தவ. அந்த ரப்பர மட்டும் மாத்திக் குடுங்க. கால்தான் பழுதுன்னு எங்க வேணாலும் எழுதித் தர்றேன்."

அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. "உங்க பயத்த நான் போக்கறேன். நாளைக்கு நானே ஓட்டறேன்" என்றார்.

ஓட்டினார். குடைக்காரர் பின்னால் நின்றார். நான்கு பிரிவுத் தலைவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். முன்னாலேயே அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தேன், "இன்னிக்கு மட்டும் நடைபாதையில நில்லு" என்று. பிள்ளைகள் சாலையில் இருக்கும்போது அவள் நடைபாதையில் நிற்பாளா?

வெள்ளைக் கோட்டில் தலைவர் நிறுத்தினார். டப் டப் டப். வண்டி அசையாமல் நின்றது. மிதித்த காலை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்துச் சௌகரியமாக ஓரத்தில் நீட்டினார். கைப்பிரேக்கும் போடவில்லை. பயணிகள் பக்கம் திரும்பினார்.

"பயணிகளே! வண்டி நிக்குது. ஏன் நிக்குது? எங்க பிரிவு நிக்குதுன்னு சொன்னதால நிக்குது. நான் பொறுப்புக்கு வந்தப்ப இந்தப் பணிமனையில எத்தனையோ பழுதுங்க இருந்துச்சு. வருஷா வருஷம் கொறச்சு, இப்ப ஒண்ணுகூட இல்லாமப் பண்ணிட்டோம். விபத்து கூடியிருக்கலாம். அது வேற பிரிவு."

முன்வரிசை கைதட்டியது. எனக்கு இன்ஜின் சத்தம் மாறுவது கேட்டது.

"ஐயா, பிரேக்குங்க."

"குறுக்க பேசாதீங்க. நம்பிக்கைன்னா என்ன? பாக்காம நம்பறது. இந்த மிதியப் பாருங்க, நான் பாக்கறேனா? பாக்கல. ஏன்னா..."

"ஐயா! பிரேக்கு!"

பஸ் துள்ளியது. நான் அவர் மேலேயே விழுந்து கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். நின்றது. கண்ணாடிக்கு முன்னால் மஞ்சள் மேல்சட்டையைக் காணவில்லை.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அக்கா பம்பருக்குக் கீழே, முன்சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒருக்களித்துக் கிடந்தாள். தோள்பட்டை எலும்பு உடைந்து, கை ஒரு மாதிரி திரும்பியிருந்தது. நான் சாலையில் முட்டி போட்டு, "அக்கா, அக்கா" என்று கத்தினேன்.

"பிள்ளைங்க?"

"தாண்டிட்டாங்கக்கா. எல்லாரும் தாண்டிட்டாங்க."

"யாருடா ஓட்டினது? நீ இல்லையே?"

"நான் இல்லக்கா."

"அதானே" என்றாள். பிறகுதான் வலியில் அழுதாள்.

அவள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கும்போது விசாரணை நடந்தது. தலைவரே விசாரித்தார். முதல் காரியமாக என் கணுக்காலிலிருந்து அட்டையைத் தன் கையாலேயே வெட்டி எடுத்தார்.

"டிரைவர், உங்களுக்கு நல்ல செய்தி. அதே மிதி, அதே எடம். உங்க காலும் என் காலும் ஒரே மாதிரி நடந்திருக்கு. என் கால் பழுதா இருக்க முடியாது. அதனால உங்க காலும் பழுதில்ல. வாழ்த்துக்கள்."

"அப்ப பழுது எங்கங்க?"

"வண்டிக்கு உள்ள இல்ல, கால்லயும் இல்ல. அப்ப வண்டிக்கு வெளிய. வண்டிக்கு முன்னால. ஒரு அம்மா முதுகக் காட்டிக்கிட்டு நின்னிருக்காங்க. இப்பத்தான் பழுது சரியான எடத்துல கிடைச்சிருக்கு. பள்ளிக்கூடத்துக்கும் எழுதிட்டோம், அந்த வேலையே இனி கிடையாது. முன்னால ஆளே இல்லேன்னா வண்டி நகர்ந்தாலும் அது நகர்வு இல்ல."

"பிள்ளைங்க தாண்டுவாங்களே ஐயா!"

"அவங்க நிக்கறதில்லையே" என்றார் தலைவர். "நடக்கறாங்க."

மறுநாள் அதே பஸ்ஸை என்னிடமே கொடுத்தார்கள். தனியாக. வெள்ளைக் கோட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் நடைபாதை ஓரத்தில் கும்பலாக நின்று, கை நீட்ட ஆளில்லாமல் திருதிருவென்று விழித்தார்கள்.

நான் இன்ஜினை அணைத்தேன். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பயணிகள், "என்னய்யா, வேலைக்குப் போக வேண்டாமா?" என்று கத்தினார்கள். வேலை போனால் போகட்டும் என்று கீழே இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் போய், முதுகை அதற்குக் காட்டிக் கையை விரித்து நின்றேன்.

"வாங்க, வாங்க. ஓடாம மெதுவா வாங்க."

இன்ஜின் ஓடவில்லை, சாவி என்னிடம். அது நகராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதுகு முழுக்கக் குளிர்ந்தது. அக்கா இதை எப்படித் தினமும் செய்தாளோ!

பிள்ளைகள் வரிசையாகச் சாலையில் இறங்கி, பாதி தூரம் வந்துவிட்டார்கள். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பஸ் வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்களைப் பார்த்து நின்றது. எங்கள் பணிமனை வண்டி. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதன் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்து, வியர்த்து, ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து, மிதிகளின் மேல் இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, சத்தம் வராமல் ஏதோ சொன்னான். அவன் வாயசைவதைப் பார்த்தேன்: சீக்கிரம், சீக்கிரம்.

"ஓடுங்க!" என்று நான் கத்தினேன். "பிள்ளைங்களா, ஓடுங்க!"